வெள்ளைக்கு விட்ட இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

நான், அம்மா, அம்மாவோட முழங்கால் வலி, மூணு பேரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கே? இருமல் நின்னுதா இல்லையா?

போன கடிதத்துல, "பொழுதுதான் போகலை, மத்தபடி ராஜா மாதிரி இருக்கேன்"னு எழுதியிருந்தே. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கப்பலை விட்டு இறங்க முடியாத ராஜாவை எந்த ஊர்ல பார்த்திருக்கான்னு கேளுன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அவங்க கேட்டதுல என்ன தப்பு? கப்பல் முதலாளி கடனுக்குப் பயந்து ஓடிப்போனான். தெரியாத நாட்டுல, நங்கூரம் போட்ட இடத்துலயே நீங்க நாலு பேர் மாட்டிக்கிட்டீங்க. மழைக்காலம் முடிஞ்சு குளிரும் முடியப்போகுது. கரை கண்ணுக்குத் தெரியுது, காலை வைக்க விடமாட்டேங்கிறாங்க. ஃபோனும் அங்கே எட்டாது. இதுல ராஜாவாம்.

லீவு போட்டுட்டு கப்பல் தொழிலாளர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருக்கிற அதிகாரி நல்ல மனுஷன்தான். மூக்குக்கண்ணாடி மட்டும் தளர்ந்து மூக்கு நுனியில நிக்குது. நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறவ, கை சும்மா இருக்குமா? வாங்கித் திருகாணியை முறுக்கிக் கொடுத்தேன். அவர் ஃபைலைத் திறந்து காட்டினார். "குடிநீரும் உணவும் தவறாமல் வழங்கப்படுகின்றன"ன்னு அந்தத் துறைமுகத்து ஏஜென்ட் எழுதி அனுப்பியிருக்கான். "உங்க அண்ணன் கடிதமும் அதையேதானே சொல்லுது? உயிருக்கு ஆபத்துன்னா நாளைக்கே நான் எழுதலாம். இல்லேன்னா உங்க கேஸ் கோர்ட்டுல வரிசைப்படிதாம்மா வரும்"னுட்டார். உன் ராஜா கதையால வந்த வினை இது. அங்கே உண்மையிலேயே குறை இருந்தா எழுது. குறை இல்லேன்னா வரிசையில நிக்கிறோம்.

இதோட ஒரு டப்பா வருது. பயந்துடாதே, வாட்டர் கலர். சைக்கிள் கடை மாடியில ஞாயித்துக்கிழமை கிளாஸ் நடத்துறாங்க, சேர்ந்திருக்கேன். அம்மா பெருமூச்சு விடுறதை வாரம் முழுக்கக் கேக்கிறேன், ஒரு மத்தியானமாவது வேற சத்தம் கேக்கணும். அங்கே படிக்கிறதை உனக்கும் எழுதுறேன், நீயும் போடு. டீச்சர் முதல்ல சொன்னது, இதுல கலரை விடத் தண்ணிதான் முக்கியம்னு. பலகையில பேப்பரை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டு. லேசாச் சாய்ச்சு வை. பிரஷ்ல தண்ணியும் நீலமும் நிறைய எடுத்து மேலேருந்து கீழ வரைக்கும் நிறுத்தாம இழு. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. காயற வரைக்கும் தொடக்கூடாது. எனக்கு அதுதான் வரமாட்டேங்குது.

நேரத்துக்குச் சாப்பிடு.
தங்கச்சி


மார்ச் 1

அன்புள்ள வாலு,

அம்மா முழங்காலுக்கு என் நமஸ்காரம். நான் நல்லா இருக்கேன். இருமல் போயே போச்சு.

ஏஜென்ட் அனுப்புற காய்கறிப் படகுலதான் உன் பார்சல் வந்துச்சு. வரும்போதே பிரிச்சிருந்துச்சு. பச்சைக் கலர் கட்டி மட்டும் காணோம். போகட்டும், இங்கே பச்சைன்னு சொல்ல எதுவும் கிடையாது. கடிதத்தைக்கூட ஒட்டாமத்தான் தரணும்னு படகுக்காரன் சொல்றான், எடை பாக்கணுமாம்.

நீ சொன்னபடியே நீலத்தை இழுத்தேன். பேப்பர் அப்பளம் மாதிரி உப்பி, நடுவுல குளம் கட்டிக்கிச்சு. எங்க சமையல்காரரை எல்லாரும் மச்சான்னுதான் கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்துட்டு, "வானம் போட்டியா, வாந்தி எடுத்தியா?"ன்னு கேட்டார். கேப்டன் சிரிச்சார். அவர் சிரிச்சு எத்தனையோ நாளாச்சு. அதனால உன் டப்பா வந்த காரியத்தைச் செஞ்சிடுச்சு.

அப்புறம் ரூம் ஜன்னல்ல தெரியற மஞ்சள் கட்டடத்தைப் போட உட்கார்ந்தேன். கரையில, தண்ணியை ஒட்டி இருக்கு. சாயங்காலம் அதோட கதவு திறக்கும், ஆளுங்க வெளிய வருவாங்க, ஆளாளுக்கு ஒரு பக்கம் போவாங்க. நான் தினம் அதைப் பார்ப்பேன். நினைச்ச பக்கம் போறாங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆனா கப்பல் நங்கூரத்தைச் சுத்திக்கிட்டே இருக்கும். சுவர் போட்டு முடிச்சுத் தலையை நிமித்தினா கட்டடம் ஜன்னலை விட்டுப் போயிருக்கு. வெறும் கடல். மறுபடி அது வர்ற வரைக்கும் பிரஷைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். காயற வரைக்கும் காத்திருக்கிற பாடத்தை மட்டும் எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்.

மத்த நேரம் மேல்தளத்துல நடக்கிறேன். முன்னாடி போனா கம்பி, பின்னாடி வந்தா கம்பி. எங்க எலக்ட்ரீஷியன், வயர்மேன்னு கூப்பிடுவோம், என் கூடவே நடப்பான். பேசறதுக்கு இருந்ததெல்லாம் பேசி முடிச்சாச்சு.

படம் வெச்சிருக்கேன். சிரிக்கலாம்.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாம் வழக்கம்போல. அம்மாவுக்கு வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அதனால என்னைத் திட்ட நேரம் கிடைக்குது. உன் உடம்பு எப்படி?

சிரிச்சேன். அம்மா சிரிக்கலை. படத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, "இது செருப்பா?"ன்னு கேட்டாங்க. கட்டடம்னேன். எம்புள்ள இப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கிட்டா உட்கார்ந்திருக்கான்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஆனா எடுத்து அலமாரிக் கதவுல ஒட்டியாச்சு, நீ கவலைப்படாதே.

உன் தப்பு என்னன்னு டீச்சர்கிட்டக் காட்டிக் கேட்டேன். கதவு திறந்து வெளிச்சம் தெரியற இடத்துல நீ வெள்ளையை அப்பியிருக்கே. அது சாம்பலாப் போய் அசிங்கமா நிக்குது. இந்த வேலையில வெள்ளைன்னு ஒரு கலரே கிடையாதாம். எங்கெங்கே வெள்ளை வேணுமோ அதை முதல்லயே முடிவு பண்ணி, அங்கே பிரஷ் படாம விட்டுடணும். பேப்பரோட வெள்ளைதான் வெள்ளை. ஒரு தடவை கலர் ஏறிடுச்சுன்னா தலைகீழா நின்னாலும் திரும்ப வராது. லேசான கலர் முதல்ல, அடர்த்தி கடைசியில. நம்ம வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட்ல தப்பை மேல மேல பூசி மறைக்கலாம். இதுல மறைக்கவே முடியாது, அடியில இருக்கிறது தெரிஞ்சுடும்.

எனக்கும் நல்லாத் திட்டு விழுது. பிரஷ் நுனி கூரா வரணும்னு நான் உதட்டுல வெச்சு இழுக்கிறேன். ஊசியில நூல் கோக்கிற பழக்கம். "கலரைத் தின்னாதீங்கம்மா"ன்னு டீச்சர் வாரா வாரம் சொல்றாங்க. பழக்கம் விட்டாத்தானே.

ஆபீஸுக்குப் போனேன். அந்த அதிகாரி, நம்ம கண்ணாடிக்காரர், அதையேதான் சொல்றார். நீ உண்மையை எழுது அண்ணா. அரிசி எப்படி, தண்ணி எப்படி, எல்லாம் எழுது.

தங்கச்சி


ஏப்ரல் 22

அன்புள்ள வாலு,

எல்லாரும் நலமா? நாங்க நாலு பேரும் நலம். கொஞ்சம் தாமதமாயிடுச்சு, படகு அடிக்கடி வர்றதில்லை.

வெள்ளையை விடக் கத்துக்கிட்டேன். இதோட வர்ற படத்தைப் பாரு. கதவு இருக்கிற இடத்தை முதல்லயே விட்டுட்டேன். அதைச் சுத்தி மஞ்சள் போடறதுக்கே ஒரு சாயங்காலம் ஆச்சு. மச்சான் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "பாத்து, பாத்து, கதவுக்குள்ள போயிடாதே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். போக முடிஞ்சா போயிருக்க மாட்டோமான்னு வயர்மேன் சொன்னான்.

வானத்துல புள்ளி புள்ளியா ஏதோ வந்திருக்கு. நான் ஒண்ணும் பண்ணலை, காயும்போது தானா வந்துச்சு. உன் டீச்சர் திட்டினா எனக்கு எழுதாதே.

எல்லாம் வருது. அரிசி, உருளைக்கிழங்கு, தண்ணி எல்லாம் வருது. நீ அந்த ஆபீஸுக்கு அலையாதே. கடையில சம்பளம் பிடிப்பாங்க. நடக்கிறது நடக்கும்.

மச்சானுக்கு மட்டும் இடுப்பு வலி. வயசாகுதில்ல.

அண்ணன்


மே 8

அன்புள்ள அண்ணா,

நீ நல்லா இருக்கியா? மச்சான் இடுப்புக்குத் துணியில சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொல்லு, அம்மா சொல்றாங்க. நாங்க நலம்.

உன்னை நினைச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. கிளாஸ்ல நான் போட்ட ஆப்பிளை ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. உன் படத்தைச் சுத்தி ஒரே கூட்டம். அந்தப் புள்ளிங்கதான் காரணம். மஞ்சள் சுவர் மழையில ஊறிப் பூத்துப்போன பழைய சுவராவே இருக்கு. வானத்துல வெளிச்சம் பொரிஞ்ச மாதிரி இருக்கு. கலர் ஈரமா இருக்கும்போது மேல ஒரு சிட்டிகை உப்பு தூவினா இப்படி வருமாம், தெரிஞ்சவங்க பண்ற வேலையாம். "உங்க அண்ணனுக்கு இதை யாரு சொல்லிக் கொடுத்தா?"ன்னு டீச்சர் கேட்டாங்க. அடுப்புல வெச்ச பாலைக்கூடப் பொங்க விடுற ஆளு எங்க அண்ணன்னு சொன்னேன். எனக்குச் சொல்லாம நீயே கண்டுபிடிச்சியா? உப்புதானே தூவினே?

தபால்காரர்தான் கொஞ்சம் கெடுத்துட்டார். கவர் வரும்போது பேப்பர் நமுத்துப்போய் ஈரமா இருந்துச்சு. எங்கேயோ நனைச்சிருக்கார். துணி போட்டு இஸ்திரி பண்ணினேன், காஞ்சுது, மறுநாள் பார்த்தா மறுபடி நமுத்திருக்கு. என்ன பேப்பர் வாங்கினேனோ தெரியலை, கடைக்காரன் தலையில கட்டிட்டான்.

இன்னொண்ணு போட்டு அனுப்பு. கிளாஸ் சுவர்ல மாட்டணுமாம்.

தங்கச்சி


மே 30

அன்புள்ள வாலு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவை வெயில்ல அலைய விடாதே.

ஆமா, உப்புதான். மச்சான்கிட்ட ஒரு சிட்டிகை வாங்கித் தூவினேன். சும்மா விளையாட்டுக்கு. இதோட இன்னொரு படம் வெச்சிருக்கேன். கரையில இருக்கிற விளக்குக் கம்பங்க. மெல்லிசாக் கோடு இழுக்க இப்ப கை வந்துடுச்சு.

உனக்குப் பெருசா எழுத ஒண்ணும் இல்லை. பகல்ல ரூமுக்குள்ள இருக்க முடியாது, தகரம் கொதிக்குது. மேல போனா நிழல் இல்லை. படிக்கட்டுல உட்கார்ந்துக்கிறோம், உள்ளேயும் இல்லாம வெளியேயும் இல்லாம.

ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். அம்மா இன்னும் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டேதான் பாத்திரம் தேய்க்கிறாங்களா? நாம எவ்வளவு திட்டுவோம் அதுக்கு. அந்தச் சத்தத்தைக் கேக்கணும் போல இருக்கு. இனிமே திட்டாதே.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

நலம் விசாரிக்கப் போறதில்லை. நீ நல்லா இல்லை, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தக் கடிதம் எழுதறது அம்மாவுக்குத் தெரியாது.

உன் விளக்குக் கம்பப் படத்தைச் சுவர்ல மாட்டறதுக்கு முன்னாடி ஒரு கம்பத்தோட தலையைக் கொஞ்சம் சரி பண்ணலாம்னு உட்கார்ந்தேன். ஈர பிரஷை அந்தக் கோட்டுல வெச்சு எடுத்து, வழக்கம்போல நுனியை உதட்டுல வெச்சு இழுத்தேன். கரிச்சுது. உப்புன்னா அப்படி ஒரு உப்பு.

உப்பு தூவியிருந்தா தூவின இடத்துலதான் இருக்கணும். நானே கிளாஸ்ல தூவிப் பார்த்தேன். காஞ்சதும் தட்டிவிட்டாக் கொட்டிடுது. தூவாத பக்கத்துல நாக்கு வெச்சா ஒண்ணுமே இல்லை. உன் படத்துல வானத்தை நக்கிப் பார்த்தேன், சுவரை நக்கிப் பார்த்தேன், ஒரு முடி கனத்துக்கு இழுத்திருக்கிற கம்பத்தையும் நக்கிப் பார்த்தேன். கிளாஸ்ல மத்தவங்க எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சாங்க. நீ பிரஷ் வெச்ச இடமெல்லாம் உப்பு. வெள்ளையா விட்ட கதவுல மட்டும் இல்லை. அலமாரியில ஒட்டியிருக்கிற மார்ச் மாசத்துச் செருப்புப் படத்துல இல்லை. ஏப்ரல்ல இருக்கு, மே மாசத்துல இருக்கு. பேப்பர் நமுத்ததுக்குத் தபால்காரரைத் திட்டினேனே, அந்த மனுஷன் என்ன பண்ணுவார் பாவம்.

நீ கடல் தண்ணியில கலர் கரைச்சுக்கிட்டிருக்கே. ஒரு மூடி நல்ல தண்ணிகூட இதுக்குச் செலவு பண்ண முடியாம இருக்கே. அப்ப குடிக்க என்ன பண்றீங்க? மச்சானுக்கு இடுப்பு வலியா, இல்ல தண்ணி இல்லாம வர்ற கல்லடைப்பா?

பதில் எழுது. உண்மையா ஒரு வரி எழுது போதும்.

தங்கச்சி


ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

இன்னும் உன் பதில் வரலை. தினம் மத்தியானம் கடையிலேருந்து வீட்டுக்கு வந்து வாசல் பெட்டியைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறேன். அம்மா ஒண்ணும் கேக்கிறதில்லை, நான் பெட்டியை மூடுற சத்தத்துலயே தெரிஞ்சுக்கிறாங்க.

உன் பதிலுக்குக் காத்திருக்காம படம் மூணையும் எடுத்துக்கிட்டு ஆபீஸுக்குப் போயிட்டேன். நீ போகாதேன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. திட்டிக்கோ.

கண்ணாடிக்காரர் மேஜையில மூணையும் பரப்பினேன். நல்லா இருக்கும்மான்னார். நக்கிப் பாருங்க சார்னேன். என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். பியூனைக் கூப்பிடப் போறார்னு நினைச்சேன். அவரோட டம்ளர்லேருந்தே தண்ணி தொட்டு, ஏப்ரல் படத்து ஓரத்தை நனைச்சு, விரலை அதுல வெச்சு நாக்குல வைங்க, அவ்வளவுதான் கேக்கிறேன்னு சொன்னேன். அழக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் போனேன். அழுதுட்டேன்.

விரலை வெச்சார். நாக்குல வெச்சார். கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சுட்டு மே மாசத்துப் படத்தையும் தொட்டுப் பார்த்தார். "மார்ச்?"ன்னு கேட்டார். அதுல இல்லை சார்னேன். அதையும் பார்த்துக்கிட்டார். அப்புறம் ஃபைலைப் புரட்டி ஏஜென்ட் எழுதின தாளுங்களைத் தேதிவாரியாப் பக்கத்துல பக்கத்துல வெச்சார். எல்லாத் தேதியிலயும் குடிநீர் வழங்கப்பட்டதுன்னுதான் இருக்கு.

எந்திரிச்சு நின்னுக்கிட்டே யாருக்கோ ஃபோன் போட்டார். எனக்குத் தெரியாத பாஷை. குரலை உசத்தாத மனுஷன், உசத்தினார். படத்தை இங்கேயே விட்டுட்டுப் போம்மான்னார். தர மாட்டேன்னேன். ஒண்ணு மட்டும் குடும்மா, கெஞ்சிக் கேக்கிறேன்னார். கொடுத்துட்டு வந்திருக்கேன்.

இந்தக் கடிதத்தைத் துறைமுகத்துக்காரங்க மூலமாவே அனுப்பச் சொல்லி அவர்கிட்டயே கொடுக்கிறேன். நீ இருக்கியா அண்ணா? அதை மட்டும் எழுது.

தங்கச்சி


ஜூலை 28

அன்புள்ள தங்கச்சி,

இருக்கேன். நாலு பேரும் இருக்கோம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரி விடாம வாசி. இனிமே மறைச்சு எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஏஜென்ட் ஆளுங்க நம்ம கடிதத்தை எல்லாம் படிச்சுட்டுத்தான் அனுப்பியிருக்காங்க. குறை எழுதினா படகே வராதுன்னு கேப்டன்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தான். அதனாலதான் ராஜா, மந்திரின்னு எழுதினேன். உன் ஜூன் மாசக் கடிதத்தைப் படகுக்காரன் என் கையில கொடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே கொடுத்தான். அதுதான் அவன் கடைசியா வந்தது. அரிசி கொஞ்சம் இருந்துச்சு, வேக வைக்கத் தண்ணி இல்லை. தார்ப்பாய் விரிச்சு மழைக்குக் காத்திருந்தோம். ரெண்டு தடவை பெஞ்சுது. அதை நாலு பேர் பங்கு போட்டுக்கிட்டதைச் சொன்னா அம்மா தூங்க மாட்டாங்க, ஆனாலும் சொல்லிட்டேன். மச்சானுக்கு நீ சொன்னதேதான், கல்லடைப்பு. வலி வந்தா சட்டையைக் கடிச்சுக்கிட்டு தரையில உருளுவார். உன் மேல எனக்கு ஒரு நாள் கோபம் வந்துச்சு, ஏன் எழுதினாள்னு. மறைக்காம சொல்றேன்.

அப்புறம் ஒரு காலையில துறைமுகத்தோட சொந்தப் படகே வந்து பக்கத்துல நின்னுது. குழாயை மேல தூக்கிப் போட்டாங்க. தொட்டியில தண்ணி விழற சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டுச்சு. கேப்டன் ஒரு டம்ளர் குடிச்சார். இன்னொரு டம்ளரைப் பிடிச்சு, அதைக் குடிக்கவும் இல்லாம, கீழே வைக்கவும் இல்லாம, கையிலயே வெச்சுக்கிட்டு நின்னார். மச்சானை அன்னைக்கே தூக்கிக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. பிழைச்சுக்கிட்டார்.

வந்த அதிகாரி, எல்லாரையும் இறக்க உத்தரவுன்னார். நான் என் பையைக் கட்டிட்டேன். உன் டப்பாவை முதல்ல வெச்சேன். அப்பதான் அவர் கீழே போய் அடித்தளத்தைப் பார்த்துட்டு வந்தார். கப்பல் வயித்துல தண்ணி கசியுது. எஞ்சின் ரூம் ஆளுங்கிறதால நான்தான் பழைய பம்பை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன். அது நின்னா கப்பல் சாஞ்சு, துறைமுகத்துக்குப் போற வழியையே அடைச்சுடும். கப்பலை வாங்கறதுக்கு ஆள் வர்ற வரைக்கும் பம்பை ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர் கப்பல்ல இருக்கணும்னார். யாருக்குத் தெரியும்னு கேட்டார். கேப்டனும் வயர்மேனும் என்னைப் பார்த்தாங்க. அவங்க மேல தப்பு இல்லை. நானா இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அவங்க படகுல இறங்கிப் போறதை மேலேருந்து பார்த்தேன். அந்த மஞ்சள் கட்டடத்துக் கதவுக்குள்ள போய், கொஞ்ச நேரத்துல மறுபடி வெளிய வந்தாங்க. வயர்மேன் கை காட்டினான். அதுக்கு அப்புறம் அவங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க.

இப்ப தண்ணி இருக்கு, சாப்பாடு இருக்கு, வாரா வாரம் படகு வருது. ஆள்தான் இல்லை. நான் நடந்தா என் காலடிச் சத்தம் எனக்கே பின்னாடியிலேருந்து கேக்குது. பம்பு நின்னுடுமோன்னு தூக்கத்துலயே எந்திரிச்சு உட்கார்ந்துக்கிறேன். பயமா இருக்கு. எப்ப முடியும்னு யாருக்கும் தெரியலை.

படம் ஒண்ணு வெச்சிருக்கேன். வெறும் வானம்தான், நீ முதல்ல சொன்ன பாடம். மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பு. இந்தத் தடவை குளம் கட்டலை.

அண்ணன்


ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் நல்லா இல்லை, அம்மாவும் நல்லா இல்லை. நீ மறைக்காம எழுதினே, நானும் மறைக்கலை.

அம்மாவுக்கு முழுசா வாசிச்சேன், ஒரு வரி விடலை. தார்ப்பாய் வந்ததும் நிறுத்திட்டேன், மேல படின்னாங்க. முடிச்சதும் வானப் படத்தை வாங்கி, விரலை நனைச்சு அதுல தேய்ச்சு நாக்குல வெச்சாங்க. நானும் வெச்சேன். சப்புன்னு இருந்துச்சு. ஒண்ணுமே இல்லை. அம்மா மறுபடி ஒரு தடவை வெச்சுப் பார்த்துட்டு, "நல்லா இருக்கு"ன்னாங்க. ஏதோ சமைச்சதை ருசி பார்த்துச் சொல்ற மாதிரி சொன்னாங்க. அப்புறம்தான் அழுதாங்க. நீ கேட்டதுக்குப் பதில் சொல்லலையே, குழாயை இப்ப திறந்து விடறதே இல்லை. கிண்ணத்துல மோந்து மோந்துதான் பாத்திரம் தேய்க்கிறாங்க. நான் சொல்லிப் பார்த்துட்டேன், கேக்கலை.

என்னையே என்னால மன்னிக்க முடியலை. நான் அழுது கண்ணாடிக்காரரை ஃபோன் போட வெச்சேன். மூணு பேரை அது கரைக்கு அனுப்புச்சு, உன்னை மட்டும் தனியாக்கிடுச்சு. முன்னாடியாவது சண்டை போட ஆள் இருந்துச்சு உனக்கு.

கிளாஸ்ல இப்ப ஒரு படம் போட்டுக்கிட்டிருக்கேன். நம்ம முன்னறை. ஜன்னல், பச்சைத் திரை, அம்மாவோட மாத்திரை டப்பா, செருப்பு விடுற இடம் எல்லாம் போட்டாச்சு. ஜன்னலோரத்து நாற்காலியில நீ ஒரு காலை மடக்கிக்கிட்டு உட்காருவியே, அந்த உருவத்தை மட்டும் வெள்ளையா விட்டிருக்கேன். அதைச் சுத்திப் போடறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. ஒரு சொட்டு தெறிச்சாலும் போச்சு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துட்டு, என்னடி நடுவுல பேய் உட்கார்ந்திருக்குங்கிறாங்க. டீச்சர் முடிச்சிடுங்கம்மாங்கிறாங்க. நீ வந்து அந்த நாற்காலியில உட்காராம எப்படி முடிக்கிறது? மறந்துபோய் ஏதாவது கலரைப் பூசிட்டா திரும்ப வெள்ளை வராது. அதனால பலகையோட எடுத்து பீரோ மேல வெச்சிருக்கேன், யார் கையும் படாம.

திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன். கண்ணாடிக்காரர்கிட்டப் போய், அவ்வளவு பெரிய துறைமுகத்துல பம்பு ஓட்டத் தெரிஞ்ச ஆளு எங்க அண்ணன் ஒருத்தன்தானான்னு கேக்கப் போறேன். அவர் வரிசைன்னு சொல்லட்டும். செவ்வாய்க்கிழமையும் போவேன்.

பச்சைக் கலர் கட்டி ஒண்ணு இதோட வருது. இந்தத் தடவை யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். இங்கே சாயங்காலம் ஆனா அம்மா அந்த நாற்காலிக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிறாங்க.

தூங்கு. பயமா இருந்தா எனக்கு எழுது. தண்ணி குடி அண்ணா, நிறையக் குடி.

தங்கச்சி